அன்பான பயனரே

மின்னஞ்சலின் தலைப்பிலேயே அவளுடைய பழைய கடவுச்சொல் இருந்தது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் காலையிலிருந்து எழுபது பேருக்கு மேல் ரத்தம் எடுத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு போனைப் பார்த்தவள் அந்த எட்டு எழுத்தைக் கண்டதும் டப்பாவை மூடிவிட்டாள். ‘அன்பான பயனரே, இது உன் கடவுச்சொல் என்பதை நீ அறிவாய். உன் கணினியின் காமிரா வழியாக மூன்று மாதமாக உன்னைப் பார்த்து வருகிறேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நீ செய்த காரியம் என்னிடம் பதிவாகி இருக்கிறது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பணம் வராவிட்டால் உனக்குத் தெரிந்த அனைவருக்கும் அந்த வீடியோ போகும்.’

வேறு யாருக்காவது வந்திருந்தால் எது எதையோ நினைத்துப் பயந்திருப்பார்கள். அவளுக்கு ஒரே ஒரு காரியம்தான் ஞாபகம் வந்தது. அப்பா பக்கவாதம் வந்து படுத்து இரண்டு வருஷம். பஸ் கண்டக்டராக முப்பது வருஷம் ஊரையே அதட்டிய குரலில் இப்போது மிச்சம் இருப்பது ‘வேணாம்’ என்ற ஒரு சொல். பகலில் ஒரு அம்மாள் வந்து பார்த்துக்கொள்வார். மற்ற நேரமெல்லாம் அவள்தான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பாவின் கைப்பயிற்சிக்காகப் போட்ட வீடியோ முடிந்து லேப்டாப் மேஜையில் திறந்தபடியே கிடந்தது. பிசைந்து ஊட்டிய சோற்றை அவர் நான்காவது தடவையாக அவள் முகத்திலேயே துப்பினார். அவள் கை நீண்டுவிட்டது. கன்னத்தில் விழுந்த சத்தம் அவளுக்கே யாரோ கதவைத் தட்டியதுபோல் கேட்டது. அப்பா அழவில்லை. வாயைப் பெரிதாகத் திறந்தார். கிண்ணம் காலியாகும்வரை ஒரு பருக்கை சிந்தாமல் தின்றார். அதிலிருந்து அவள் கிண்ணத்தோடு அறைக்குள் நுழைந்தாலே வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அடித்ததைவிட அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மதியத்துக்கு மேல் அவளுக்கு நரம்பு கிடைக்கவில்லை. ஒரு பெரியவரை இரண்டு தடவை குத்திவிட்டாள். “என்னம்மா, தையல் பழகறியா?” என்று அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் ஊசியைக் கொடுத்துவிட்டு, பின்பக்க மாடிப்படிக்குப் போய்த் தம்பிக்கு போன் செய்தாள். வீடியோவில் பார்ப்பதற்குள் அவன் இதை அவள் வாயாலேயே கேட்டுவிடட்டும்.

“சொல்லுக்கா. அப்பாவுக்கு எதாவதா?”

“உனக்கு ஒரு வீடியோ வரும். அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நான் அப்பாவை அடிச்சேன்டா. கன்னத்துல.”

மறுமுனையில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. “வீடியோன்னு யார் சொன்னா?” என்றான்.

“மெயில் வந்திருக்கு.”

“படி.”

படித்தாள். மூன்றாவது வரியில் அவனும் சேர்ந்துகொண்டான். “யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நீ செய்த காரியம்... அதானே?”

“உனக்கெப்படித் தெரியும்?”

“எனக்கும் வந்துச்சு, போன மாசம். எங்க ஆபீஸ்ல பதினோரு பேருக்கு, ஒரு எழுத்து மாறாம. எங்கயோ திருடின பழைய பாஸ்வேர்டை வச்சுக்கிட்டு ஊருக்கே அனுப்பறானுங்க. என்ன காரியம்னு எங்கயாவது சொல்லியிருக்கானா பாரு. உன் பேராவது இருக்கா? அவன்கிட்ட ஒண்ணும் இல்லக்கா. யோசிக்கிற வேலைய நம்மகிட்ட விட்டுடறான்.”

பணம் அனுப்பாதே, பதில் போடாதே, அந்தப் பாஸ்வேர்டு இன்னும் எங்கேயாவது இருந்தால் மாற்று, மெயிலை அழிக்காமல் சைபர் போலீசுக்குப் புகார் கொடு என்றான். எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்றாள்.

“அப்ப வீடியோ இல்ல.”

“இல்ல.”

இருவரும் போனை வைக்கவில்லை. வாயை விட்டுப் போன சொல் படிக்கட்டில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. “நான் சொன்னத...” என்று ஆரம்பித்தாள்.

“சனிக்கிழமை வரேன்,” என்றான்.

ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு போனிலும் அவள் கெஞ்சிக் கேட்டது அது. அப்போதெல்லாம் அவனுக்கு வேலை முதுகை முறித்தது. இப்போது கேட்காமலே வருகிறான். அவள் பாரத்தை இறக்கி வைக்கவா, அவளிடமிருந்து அப்பாவைக் காப்பாற்றவா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, தெரிந்த இடத்திலெல்லாம் பாஸ்வேர்டை மாற்றினாள். புகார்ப் படிவத்தில் ‘உங்களுக்கு ஏற்பட்ட இழப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று அடித்து அனுப்பினாள்.

சனிக்கிழமை காலையிலேயே தம்பி வந்தான். பையை இறக்காமலே அப்பாவின் கட்டிலுக்குப் போனான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசினான். கண் மட்டும் ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போய் வந்தது. அவள் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

மதியம், “நீ வெளிய போய்ட்டு வாக்கா, நான் ஊட்டறேன்,” என்றான்.

“அவசரப்படுத்தாத. நிறுத்தி நிறுத்திக் குடு.”

“தெரியும். போ.”

எங்கே போவதென்று தெரியவில்லை. வேலைக்கும் மருந்துக்கடைக்கும் தவிர அவள் எங்கும் போய் நாளாகியிருந்தது. சாலையைக் கடந்து எதிரில் இருந்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். வெயில் முழங்கால்வரை விழுந்தது. ஒரு பஸ் வந்தது. “ஏறலையாம்மா?” என்றார் கண்டக்டர். இல்லையென்று தலையை ஆட்டினாள். அடுத்ததும் வந்து போனது. மேலே மாடியில் அப்பாவின் அறை ஜன்னல் தெரிந்தது. தம்பியின் முதுகு குனிவதும் நிமிர்வதுமாக இருந்தது. பிறகு அவன் சட்டென்று எழுந்து, முகத்தில் தெறித்ததை வழித்துக்கொண்டே ஜன்னலருகே வந்தான். வெளியே பார்க்கவில்லை. ஒரே இழுப்பில் திரையை மூடினான்.

அவள் பாதி எழுந்தாள். அதற்குள் மூன்றாவது பஸ் வந்து, அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.