ஆறே முக்கால் முழம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து, கிழவன் மறைத்துவிட்டான் என்று பேசக் கூடாது. எங்கள் மலையில் கூடைப்பந்து ரிங்கின் உயரத்தை அளந்தவன் நான். தப்பாக அளந்தவனும் நான். எழுபத்தெட்டாம் வருஷமே வாயால் சொல்லியிருக்க வேண்டியதை, பத்து வருஷம் கழித்துப் பேனாவால் சொல்கிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கதையை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஜவ்வாது மலையின் உச்சியில் மேகங்கள் தவழ்ந்து" (அடித்துவிட்டேன். மேகம் இந்தக் கதையில் ஒன்றும் செய்யவில்லை.)

"சின்னராசு பிறக்கும்போதே நீளமாக" (நான் பார்க்கவில்லை. பார்த்த மாதிரி எழுதினால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். அது இன்னும் மோசம்.)

"பஸ்ஸை விட்டு இறங்கிய சின்னராசுவுக்கு மாலை போட்டார்கள்." இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

பஸ்ஸை விட்டு இறங்கிய சின்னராசுவுக்கு மாலை போட்டார்கள். புதன்கிழமை. கணியம்பாடி ரைஸ்மில் கூடைப்பந்து டீமின் புதிய சென்டர் அவன், ரிங்குக்கு அடியில் நிற்கிற நெட்டை ஆள். மில் முதலாளி அருணகிரிதான் டீமுக்கும் முதலாளி. போன மாதம் புளி வாங்க மலைக்கு வந்தவர், எங்கள் ஊர் ஸ்கூல் ஹாஸ்டல் மைதானத்தில் சின்னராசு எம்பி, ரிங்குக்கு மேலே கையைக் கொண்டுபோய்ப் பந்தைக் கீழே திணித்ததைப் பார்த்தார். புளி மூட்டையை மறந்துவிட்டார். மில்லில் வேலை, மில்லுக்குப் பின்னால் ஓர் அறை, டீமில் இடம். அங்கேயே பேசி முடித்தார். சின்னராசு நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு, மனைவி மாதம்மாளைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். அந்த அண்ணனிடம் போனது திரும்பி வராது. மலையில் எல்லாருக்கும் அது தெரியும், அவனுக்கும்.

"இவருதாண்டா நம்ம சென்டரு! ஞாயித்துக்கெழம செங்கம்காரனுங்க பந்தைப் போட்டுட்டு ஓடுவானுங்க பாரு" என்றார் அருணகிரி.

டீமில் பழைய ஆள் சக்கரவர்த்தி. அதுவரை அவன்தான் சென்டர். புது ஆளைக் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தான்.

"இன்னாபா துன்றீங்க மலையில?"

"சாமைங்க. கேவுருங்க."

"பாத்தியா, இந்த மில்லு அரிசியத் துன்னுதான் நாம குள்ளமா பூட்டோம்."

"டேய், மொதலாளி நிக்கிறாரு."

"அவருந்தான் குள்ளம்."

எல்லாரும் சிரித்தார்கள், அருணகிரியும் சிரித்தார். சின்னராசுவும் சிரித்துக்கொண்டேதான் நிமிர்ந்து ரிங்கைப் பார்த்தான்.

(இந்த இடத்தில் அவன் மனசில் என்ன ஓடியது என்று எழுத வேண்டும். நான் அங்கே இல்லை. பிற்பாடு அவன் சொன்னதை வைத்து எழுதுகிறேன். சந்தேகப்படுகிறவர்கள் படலாம்.)

ரிங் உயரத்தில் இருந்தது. பஸ் அசதி, கண் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தான். ஓடிவந்து எம்பினான். விரலுக்கு வலைதான் அகப்பட்டது. மறுபடி எம்பினான். பந்து இரும்பின் அடியில் மோதி அவன் நெற்றியிலேயே வந்து விழுந்தது.

"மொத நாளு. கூச்சப்படறாரு" என்றான் சக்கரவர்த்தி.

"பஸ்ல வந்த களைப்புடா. ஞாயித்துக்கெழம பாரு" என்றார் அருணகிரி.

ஒருத்தரும் அவனைச் சந்தேகப்படவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

வியாழனும் அப்படியே. வெள்ளிக்கிழமை அருணகிரி வேன் பிடித்து மைக் கட்டினார். "மலைச் சிறுத்தை! ரிங்குக்கு மேலேயிருந்து பந்து போடும் சின்னராசு! காணத் தவறாதீர்கள்!" வேன் மில்லைச் சுற்றிப் போகும்போதெல்லாம் அவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"இன்னா, சோறு எறங்கலியா?" என்றாள் மாதம்மாள்.

"ரிங்கு ஏறிப்போச்சு."

"இரும்பு எங்கனா ஏறுமா? நீ எறங்கிட்டியா பாரு."

"வெளையாடாத மாதம்மா. என்னால முடியலன்னா நாளைக்கே இந்த ரூமைக் காலி பண்ணச் சொல்வாரு. ஏமாத்துக்காரன்னு வேன் வெச்சு சொல்வாரு. அங்கயும் நிலமில்ல."

அவள் சோற்றுத் தட்டை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்: "அளந்து பாத்தியா?"

மில் தச்சனிடம் டேப் வாங்கி, அன்று மத்தியானமே ஆளில்லாத நேரத்தில் ஏணி வைத்து அளந்தான். சரியாகப் பத்தடி.

"அப்ப நம்ம மலையில இருக்கறது?" என்றாள்.

"அது கோபால்சாமி மாமா அளந்தது" என்றான்.

கோபால்சாமி நான்தான்.

3

இங்கே கதையை நிறுத்திவிட்டு என் பக்கத்தைச் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் நாலாம் பகுதிக்குப் போகலாம். ஆனால் போனால் புரியாது.

ஹாஸ்டல் டிரில் மாஸ்டர் காசி இரண்டு இரும்பு ரிங்கைக் கொண்டுவந்து, "உயரம் பத்தடி" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு லீவில் ஊருக்குப் போய்விட்டார். மலையில் அன்று டேப் கிடையாது. என் கை இருந்தது. முழம் ஒன்றரை அடி. பத்தடிக்கு ஆறே முக்கால் முழம், கொஞ்சம் தாராளமாகவே வரும். கம்பத்தைத் தரையில் கிடத்தி, முழம் போட்டு, கோடு கிழித்து, நட்டேன். மாஸ்டர் திரும்பி வந்து பார்த்து, "நேரா இருக்குது" என்றார். மறு வருஷம் மாற்றலாகிப் போனார்.

நான் குட்டையானவன். கையும் அப்படித்தானே இருக்கும்? ஊரில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.*

*எங்கள் ஊரில் நிலத்தைப் பங்கு பிரித்தால் ஒரே ஒரு கைதான் அளக்கும். கை மாறினால் சண்டை வரும். என் அப்பாவுக்குப் பிறகு அது என் கை. என் முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்ட கயிற்றில்தான் எங்கள் ஊர் வரப்பெல்லாம் நிற்கிறது. அளப்பவன் தன் பங்கைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அதுவும் வழக்கம்.

4

சனிக்கிழமை மலையடிவாரத்து அமிர்தி வரை பஸ்ஸில் வந்து, மீதியை நடந்து, உச்சி வெயிலில் சின்னராசு என் வாசலில் நின்றான். கையில் டேப்.

"மாமா, கையை நீட்டு."

"இன்னாத்துக்கு?"

"நீட்டு, சொல்றேன்."

முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை பிடித்தான்.

"பதினாறே கால் அங்குலம். பதினெட்டு இருக்கணும்."

"எவன் சொன்னான்?"

"டேப்பு சொல்லுது."

"அந்த டேப்பைச் செஞ்சவன் கையை அளந்தியா நீ?"

அவன் சிரிக்கவில்லை. "மாமா, நம்ம ரிங்கு பத்து அங்குலம் கம்மி. நாளைக்கு நீ வந்து மொதலாளிகிட்ட சொல்லு. அளந்தது நானு, தப்பு என்னுது, பையன் ஏமாத்தலன்னு. வேற ஒண்ணும் வாணாம். நான் சொன்னா பயந்துகினு கதை வுடறான்னுவாங்க."

"என் முழம் கம்மின்னு அங்க சொன்னா, சாயங்காலமே சேதி மலைக்கு வந்துரும்டா. பங்கு பிரிச்சவன் ஒவ்வொருத்தனும் வரப்பைத் தோண்டுவான்."

"எல்லாருக்கும் ஒரே கைதானே அளந்துச்சு? கொறஞ்சா எல்லாருக்கும் கொறஞ்சது. எதுக்கு தோண்டறான்?"

நல்ல கேள்வி. நான் பதில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், என் வரப்பு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது என்பதால். எல்லாருக்கும் குறையவில்லை. முழம் குறைந்தால் கடைசியில் நிலம் மிஞ்சும். மிஞ்சியது கடைசிப் பங்குக்காரனுக்கு. நாங்கள் பங்காளிகள் பிரித்தபோது கடைசிப் பங்கு யாருடையது என்று மேலேயே எழுதியிருக்கிறேன். இத்தனை வருஷமும் என் நிலம் கொஞ்சம் பெரிதாக இருப்பதை மண்ணின் குணம் என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேனா? (இந்த வாக்கியத்தை அடிக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.)

"வர்றியா மாமா?"

"வர்றேன், போ."

"சொல்வியா?"

"வர்றேன்னேனே."

தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனான்.

5

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதலாவது: சின்னராசு மாதம்மாளின் முகத்தைப் பார்க்கிறான், எம்புகிறான், போட்டுவிடுகிறான். கூட்டம் எழுந்து நிற்கிறது. (பத்து அங்குலத்தை வைராக்கியம் கொடுக்காது. நான் நிறைய அளந்தவன்.)

இரண்டாவது: நான் உண்மையைச் சொல்கிறேன். அருணகிரி சிரித்து என் தோளில் தட்டுகிறார். (பேனா ஓடியது, ஆனால் வந்த ஆள் அருணகிரி இல்லை. வேன் வைத்து ஊரெல்லாம் சொன்னவன் சிரிக்க மாட்டான்.)

மூன்றாவது: மழை. ஆட்டம் ரத்து. (அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருமே?)

6

நடந்ததை, நடந்த மட்டும் எழுதுகிறேன்.

ஞாயிறு மதியம் போய்ச் சேர்ந்தேன். மில்லின் நெல் காயவைக்கும் களம் முழுக்கச் சனம். மதில்மேலும் சனம். அருணகிரியைத் தேடிப் போய் முன்னால் நின்றேன். சொல்லத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவரே கேட்டார்: "யாரு, மலையா? சின்னராசு ஊருங்களா?"

"ஆமாங்க."

"அவன் ரிங்குக்கு மேலேர்ந்து போடறதை உங்க கண்ணால பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேங்க" என்றேன்.

பொய் இல்லை. அவர் கேட்டதற்குச் சரியான பதில். என் வாழ்க்கையில் அதைவிடச் சரியாக நான் எதையும் சொன்னதில்லை, அதைவிடக் கேவலமாகவும்.

"சக்கரவர்த்தி! பாத்தவரே வந்துட்டாருடா! மேடைக்குக் கூட்டினு வா!" கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். "நாலு பேருக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க பெரியவரே."

செங்கம் ஆட்டக்காரர்கள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். சின்னராசு ரிங்குக்குக் கீழே நின்றான். ரிங்கைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பெண்கள் பக்கத்தில் மாதம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். என் மூச்சு எனக்கே மைக்கில் கேட்டது.

அடுத்த வாக்கியத்தை ஏழெட்டுத் தடவை எழுதிவிட்டேன்.

"பாத்தேங்க, மேலேர்ந்துதான் போட்டான், எங்க ஊரு"

"எல்லாருக்கும் வணக்கம்ங்க, ஆட்டம் நல்லா"

"அந்த ரிங்கை அளந்தது நான், என் கை"

மூன்றில் ஒன்றை நான் அன்று சொன்னேன். எதை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே என்னைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட்டு, அவனை அங்கேயே நிற்கவைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். உங்களை நான் நம்பவில்லை. ஆனால் வேறு ஆளும் இல்லை. நீங்களே ஒன்றை எடுத்து முடியுங்கள். எனக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதற்காக எடுக்க வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்து எடுங்கள். சீக்கிரம், ரெஃப்ரி விசிலை வாயில் வைத்துவிட்டார்.