ஒழுங்கைக்குள் ஒளிந்த காய்ச்சல்

கொரோனா வந்த வருடத்து மார்கழியில், டெங்கு குறைந்துவிட்டதென்று சுகாதார அலுவலகத்தில் எல்லோரும் ஆறுதல்பட்டார்கள். தர்சிகாவுக்கு மட்டும் அது பொருந்தவில்லை. நுளம்பு ஒழிப்புப் பணியில் நாலு வருடமாகத் தென்மராட்சியில் வீடு வீடாகத் திரிகிறவள் அவள். மழை வழக்கம்போலத்தான் பெய்திருந்தது. தேங்கிய தண்ணீரில் குடம்பிகளும் வழக்கம்போலத்தான் நெளிந்தன. பிறகு காய்ச்சல் மட்டும் எங்கே போயிருக்கும்?

ஒரு சின்ன ஒழுங்கையில், உதயகலா என்ற பெண்ணின் வீட்டு வளவில் தண்ணீர் தேங்கிய சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டு வந்தபோது, குப்பைக் கிடங்குக்குள் வெறும் பனடோல் அட்டைகள் ஏழெட்டுக் கிடக்கக் கண்டாள்.

"ஆருக்கக்கா காய்ச்சல்?"

"ஒருத்தருக்கும் இல்லை." உதயகலா கதவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே ஓர் ஆண் முனகுவது கேட்டது. உதயகலாவின் முகம் விழுந்துவிட்டது.

"இவருக்குத்தான். நாலு நாள். வெளியிலை சொன்னா கொரோனா எண்டு படலையிலை நோட்டீஸ் ஒட்டுவினம். பிள்ளையளையும் தனிமைப்படுத்தலுக்கு ஏத்திக்கொண்டு போனா நான் என்ன செய்யிறது?"

"இப்பவும் காய்ச்சுதோ?"

"இல்லை, காலமை விட்டிட்டுது. ஆனா வயித்துக்குத்து, சத்தி, குடிக்கிறதெல்லாம் வெளியிலை வருது."

தர்சிகா ஃபோனை எடுத்தாள். டெங்கில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆளை விழுத்துகிற நேரம்.

"அக்கா, உது டெங்கு போலை கிடக்கு. நோட்டீஸை பதினாலு நாளிலை கிழிச்சுப்போடலாம். அண்ணைக்கு ஏதும் நடந்தா என்ன செய்வியள்? அம்புலன்சுக்கு அடிக்கிறன். அவர் ஏறுமட்டும் நான் இந்த வளவை விட்டு அசையமாட்டன்."

உதயகலா கதவை விட்டு விலகினாள். பிறகு கணவனின் உடுப்புகளை எடுக்க உள்ளே போனாள்.

சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். கொரோனா இல்லை, டெங்கு. அரை நாள் பிந்தியிருந்தால் கஷ்டமாம் என்று உதயகலா ஃபோனில் அழுதாள்.

மறுநாள் தர்சிகா அந்த ஒழுங்கையின் ஒவ்வொரு படலையிலும் நின்றாள். காய்ச்சலோ என்று கேட்கவில்லை. "உதயகலா அக்காவின்ரை மனுசனுக்கு டெங்குதான், கொரோனா இல்லை. உங்கடை வீட்டிலையும் ஆருக்கும் உடம்பு நோகுதோ?" என்று கேட்டாள். காய்ச்சலை மறைத்திருந்த ஐந்து பேர் மூன்று நாளில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாலு பேருக்கு டெங்கு.

மேற்பார்வையாளர் ஜெயசுதன் அவள் நிரப்பிய படிவத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"உம்மடை பகுதியிலை மட்டும் ஏன், பிள்ளை, டெங்கு கூடுது?"

"கூடேல்லை சேர். ஒளிச்சிருந்தது. மற்றப் பகுதியளிலையும் இப்பிடிக் கேட்டுப் பாக்க வேணும்."

அவர் படிவத்தை இன்னொரு தரம் பார்த்தார். "அப்ப நீரே போம். ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போம்."

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கெல்லாம் தர்சிகா மாஸ்க்கை இழுத்து விட்டுக்கொண்டு, கூட வந்த இரண்டு பேருடன் அடுத்த பகுதியான கைதடிப் பக்கம் சைக்கிளைத் திருப்பினாள்.