தரையிலிருந்து எழுவதற்கு

மா தோக்சு பிசியோதெரபி கூடத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்த முதல் நாளே சண்டைதான். குன்சான் நகரத்தின் உயரமான கட்டடங்களுக்கெல்லாம் நாற்பது வருஷம் கண்ணாடி மாட்டிய மனிதர். பக்கவாதம் ஒரே நாள் காலையில் அவருடைய இடது கையையும் இடது காலையும் முடக்கிப் போட்டிருந்தது.

"பிசியோன்னா எனக்குத் தெரியாதா? தோள் வலிக்கு எங்க தெரு கிளினிக்குப் போயிருக்கேன். சூடா ஒரு பையை வைப்பாங்க, கரண்ட் வைப்பாங்க, சுகமாத் தூக்கம் வரும். நீங்க என்னடான்னா எழுந்து நில்லுங்கறீங்க!"

"தூங்கத்தான் மேல வார்டுல கட்டில் இருக்கே, ஐயா" என்றாள் யோன்ஜு. பதினோரு வருஷமாக அங்கே பிசியோதெரபிஸ்டாக இருப்பவள். திட்டு வாங்கிப் பழகியவள். "உங்க காலுக்கு ஒண்ணும் ஆகலை. அதுக்கு உத்தரவு போடற இடம் மூளையில அடிபட்டுப் போச்சு. பக்கத்துல இருக்கற இடம் அந்த வேலையைப் புதுசாக் கத்துக்கணும். ஒரு தடவை சொன்னா அதுக்கு ஏறாது. ஆயிரம் தடவை செய்யணும்."

"ஆயிரமா? அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன், டீச்சர்." பயிற்சி தருபவர்களை அங்கே எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

எல்லா நோயாளிகளிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டாள். குணமானால் முதலில் என்ன செய்ய ஆசை?

"தரையில மண்டி போட்டு, நெத்தி தரையில படக் குனிஞ்சு, எழுந்திருக்கணும்."

"நடக்க வேண்டாமா?"

"நடக்கறது அப்புறம்."

யோன்ஜு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தரையிலிருந்து எழுவது கடைசியில் சொல்லித் தருவது. முதல் இரண்டு வாரமும் அவரை இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நிற்க வைத்தாள், எடையை இடது காலுக்கு மாற்ற வைத்தாள், அடியெடுக்க வைத்தாள். அவரோ தினமும் "தரை எப்போ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது வாரம் அவளும் மனம் இரங்கி மெத்தை விரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு முடங்கிய முழங்காலை முதலில் இறக்க வேண்டும். எழும்போது நல்ல காலை முன்னே ஊன்ற வேண்டும். இறங்குவது சீக்கிரமே வந்துவிட்டது. எழுவதுதான் வரவில்லை.

ஒரு மத்தியானம், அவர் குனிந்திருந்த நேரத்தில், குளுக்கோஸ் பை தொங்கும் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் கதவருகே வந்து நின்றாள். எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"கிபியோம் அப்பா, யாருக்கு இந்த ஒத்திகை? எனக்கா?"

அப்போதுதான் யோன்ஜுவுக்குத் தெரிந்தது. அவருடைய மனைவி சுன்னம் இதே ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியில் இருக்கிறாள். வயிற்றில் புற்றுநோய். இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள். இறந்தவர்களின் படத்துக்கு முன்னால் அப்படி மண்டியிட்டு வணங்குவதுதான் அவர்கள் வழக்கம்.

"வாயை மூடு" என்றார் தோக்சு, தலையைத் தூக்காமலே.

"இன்னும் கொஞ்சம் நல்லாக் குனியுங்க. உயிரோட இருக்கறவளுக்கு ஒரு நாளாவது குனிஞ்சிருக்கீங்களா?" என்று சொல்லிவிட்டுச் சுன்னம் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் பிடித்தது.

அவர் எழவில்லை. முடியவில்லை போலும் என்று யோன்ஜு குனிந்து பார்த்தாள். அவர் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

மறுநாளிலிருந்து மற்றதையெல்லாம் விட்டுவிட்டுத் தரைப் பயிற்சி மட்டும்தான். பதினோராம் நாள், வியாழக்கிழமை முற்பகலில், சுன்னம் போய்விட்டாள்.

அஞ்சலி செலுத்தும் துக்க மண்டபம், அந்த ஊர் வழக்கப்படி, அதே ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. சீருடையின் மேல் கறுப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு யோன்ஜு இறங்கிப் போனாள். சாமந்திகளுக்கு நடுவே சுன்னமின் படம். தோக்சு நாற்காலியைப் பிடித்தபடி அதன் முன்னே நின்றிருந்தார்.

"நின்னபடியே தலையைக் குனிஞ்சாப் போதும்டா. யாரு தப்பாச் சொல்லப் போறா?" என்றார் அவருடைய அண்ணன்.

அவர் காதில் வாங்கவில்லை. இறந்தவர்களுக்கு இரண்டு தடவை வணங்க வேண்டும். முதல் வணக்கத்துக்கு இறங்கி, மகன் கிபியோமின் கையைப் பிடித்து எழுந்தார். இரண்டாவதுக்கு இறங்கினார். நெற்றி தரையைத் தொட்டது. கிபியோம் தூக்க வந்தான்.

"விடுடா. இதை நானேதான் செய்யணும்."

யோன்ஜு அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். தொடவில்லை. நல்ல கால் ஒரு தடவை முன்னே வந்து வழுக்கியது. இன்னொரு தடவை. மூன்றாம் தடவை பாதி எழுந்து சரிந்தார்.

"முடியலை, டீச்சர்."

அவளும் கிபியோமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

திங்கட்கிழமை அவர் பயிற்சிக்கு வருவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்தார்.

"ஐயா, நீங்க சொன்னப்பவே தரைப் பயிற்சியை ஆரம்பிச்சிருக்கணும். ரெண்டு வாரத்தை நான் வீணாக்கிட்டேன்."

இல்லை என்று அவர் சொல்லவில்லை.

"அன்னிக்குக் கதவுகிட்ட நின்னு சிரிச்சாளே, அவ சிரிச்சு நான் பார்த்து ரெண்டு மாசமாகியிருந்தது" என்றார்.

யோன்ஜு அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே, இனி என்ன பயிற்சி வேண்டும் என்று கேட்டாள்.

"அடுப்படியில நிக்கணும். கிபியோம் இஞ்சோனுக்குத் திரும்பிப் போயிட்டான். வீட்டுக்குப் போனா நான்தான் சோறு ஆக்கணும்." கம்பியைப் பிடித்து எழுந்தார். "அரிசியை அவ எங்க வெச்சிருப்பான்னுகூட எனக்குத் தெரியாது, டீச்சர்."