டிசம்பர் வரைக்கும் கையெழுத்து

அட்டைப்பெட்டி செய்யும் இந்தத் தொழிற்சாலைக்குப் பதினொரு வருடமாக நான்தான் வக்கீல். எதைக் கேட்டாலும் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று ஒப்பித்துவிடுவேன். அதனால் எனக்கு செக்‌ஷன் மேடம் என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் வெறும் செக்‌ஷன்.

அன்று பதினொரு மணிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வருவதாக இருந்தது. பத்து மணிக்கே மேனேஜர் என் அறைக்குள் வந்துவிட்டார். முதலாளியின் மகளைக் கட்டியவர். அதனால் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். பயிற்சி ரிஜிஸ்டரையும் டைப் அடித்த ஒரு தாளையும் என் மேஜைமேல் வைத்தார்.

"கையெழுத்துப் போட்டுடுங்க மேடம். ரெண்டே வரிதான்."

இரண்டே வரியில் ஒரு மனுஷியின் கதையை முடித்திருந்தார். போன வாரம் வெட்டு மிஷினில் வலது கை விரல்கள் இரண்டைப் பறிகொடுத்த பெரியக்கா, மிஷினின் தடுப்பு மூடியைத் தானே கழற்றிவிட்டாராம். பாதுகாப்புப் பயிற்சி அவருக்கு மாதாமாதம் கொடுக்கப்பட்டதாம். கீழே 'சரிபார்த்தேன்' என்று என் பெயர்.

"மூடியைக் கழட்டச் சொன்னது யாரு?"

"அதை விடுங்க. மூடி இருந்தா பாதி வேலைதான் ஓடும். பெரியக்காகிட்ட பேசிட்டேன். நான்தான் கழட்டினேன்னு சொல்லிடுவாங்க. வாசல் கேட்டுல உக்கார்ற வேலை தர்றேன்னு சொல்லியிருக்கேன்."

"இப்ப அந்த மிஷின்ல யாரு நிக்கறா?"

"அவங்க மருமக. இன்னிக்குக் காலையிலதான் மாத்தினேன்."

"மூடி போட்டாச்சா?"

மாப்பிள்ளை தாளை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். கீழே மிஷின் தடதடவென்று வெட்டிக்கொண்டிருந்தது. தப்பு பெரியக்கா மேல் என்று எழுதிவிட்டால் மிஷின் இப்படியே ஓடும். அடுத்து அந்தப் பெண்ணின் கை.

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி முதல் வாரத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, பன்னிரண்டு மாதப் பயிற்சிக்கும் ஒரே மூச்சில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். வகுப்பு என்று ஒன்று நடந்ததே இல்லை. நானும் மாதாமாதம் பக்கத்தைக்கூடப் பார்க்காமல் முத்திரை குத்திவிடுவேன். இப்போது ஜூன் மாதம். டிசம்பர் பக்கத்தில் பெரியக்கா முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இல்லாமல் போன விரல்களால்!

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் என் முகத்தில் நானே காறித் துப்பலாம் போலிருந்தது.

"அட, ஜூலையிலருந்து கிழிச்சுடலாம் மேடம்," என்று மாப்பிள்ளை கையை நீட்டினார்.

"கையை வச்சுதான் பாருங்களேன்!"

நீட்டிய கை அப்படியே நின்றது. "நீங்க கம்பெனி வக்கீல். ஞாபகம் இருக்கட்டும்."

"கம்பெனிக்குத்தான் வக்கீல், உங்களுக்கு இல்ல."

"பக்கத்துக்குப் பக்கம் உங்க முத்திரை இருக்கு. நான் மாட்டினா நீங்களும் சேர்ந்துதான் மாட்டுவீங்க. கறுப்புக் கோட்டையே கழட்டிடுவாங்க."

பயமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவருடைய தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் கைப்பட எழுதினேன். பயிற்சி நடக்கவே இல்லை. கையெழுத்தெல்லாம் ஜனவரியில் ஒரே நாளில் வாங்கியவை. பார்க்காமல் முத்திரை வைத்தவள் நான். இப்போது கையெழுத்துப் போட்டேன், அழுத்தமாக.

பதினொரு மணிக்கு என் அறைக்கு வந்த ஆய்வாளர் அதிகம் பேசாத ஒரு பெண்மணி. எதிரே பெரியக்கா, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூடியைக் கழட்டினது நீங்களா?"

பெரியக்கா மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். 'ஆமா' என்று சொல்லப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. நான் முந்திக்கொண்டு, என் தாளையும் ரிஜிஸ்டரின் டிசம்பர் பக்கத்தையும் ஆய்வாளர் முன்னால் வைத்தேன்.

"முதல்ல இதைப் படிங்க மேடம். பெரியக்கா, உங்க மருமக இப்ப அந்த மிஷின்லதான் நிக்கறா. மூடி இல்லாம."

"அய்யோ! அவ பேக்கிங்லதானே இருந்தா?" பெரியக்கா எழுந்தே விட்டார். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அடப்பாவி! எங்கிட்ட வாங்கினது பத்தாதா? அந்தப் புள்ள கையும் வேணுமா உனக்கு? ஆபீசரம்மா, எழுதிக்குங்க. கழட்டச் சொன்னது இந்த ஆளு. வேணாம்னு ரெண்டு தரம் சொன்னேன். கேட்டு வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!"

ஆய்வாளர் விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் மிஷின் சத்தம் நின்றது. சீல் வைத்துவிட்டு மேலே வந்தவர் என் தாளைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உங்க மேலயும் விசாரணை வரும்."

"வரட்டும் மேடம். சொல்றதுக்கு எங்கிட்டயும் நிறைய இருக்கு."

அவர் போனதும் மாப்பிள்ளை என் எதிரே வந்து நின்றார். "நாளையிலருந்து நீங்க வர வேண்டாம்."

"எழுத்துல குடுங்க," என்று பேனாவை நீட்டினேன். "என்ன காரணம்னும் சேர்த்து எழுதிடுங்க."

பேனாவை வாங்கினார். வெள்ளைத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை.

மறுநாள் அரைமணி நேரம் முன்னதாகவே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.