செவ்வாய்க்கிழமைக்காக நின்ற ஆறு

ஒரு திங்கட்கிழமை மதியம், திருமானூர் ரோட்டுப் பாலத்தடியில் மருதையாறு நின்றுவிட்டது. வற்றவில்லை, யாரும் மறிக்கவில்லை. ஸ்டாப்பில் பஸ் நிற்பதுபோல் நின்றது. மறுநாள் மாதத்தின் இரண்டாம் செவ்வாய், ஆற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்கும் நாள். வேறு நாளில் அள்ளினால் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸில் செல்லாது. அந்த நாள் ஆற்றின் மேட்டில் இருக்கும் ஆலைக்கும் தெரியும் என்பதால், திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள் கழிவு வாய்க்காலை அடைத்துவிடுவார்கள். ஆறு வருஷமாக ஆபீஸ் ஊழியர் ஹேமலதா அள்ளிப்போனதெல்லாம் ஆலை வாயைத் துடைத்துக்கொண்ட பிறகு வந்த நல்ல தண்ணீர்தான்.

பாலத்தைத் தாண்டி நாலாவது வீடு அவள் அக்கா மணிமொழியுடையது. ஆற்றோரக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து இரண்டு ஆடு செத்தது; அக்காவின் கால் புண் காயவே இல்லை. அறிக்கை சுத்தமென்றே வந்துகொண்டிருக்கும்வரை வேறு குழாய் கிடையாது என்றார்கள். அந்த அறிக்கைக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவள் கூடப்பிறந்த தங்கச்சி. அக்கா முகத்தைப் பார்க்கவே ஹேமலதாவுக்குக் கூசும்.

செவ்வாய் காலையில் திங்கட்கிழமைத் தண்ணீர் கறுப்பாக, நுரைகூடக் கலையாமல் அங்கேயே இருந்தது. பின்னால் வந்த நல்ல தண்ணீர் அதைத் தள்ளாமல் கரையோரமாக ஒதுங்கிப் போனது. ஹேமலதா இடுப்பளவு இறங்கினாள். பாலத்தின் மேல் நின்ற அவள் அதிகாரி வேணுகோபாலுக்கு வியப்பு வரவில்லை, விதிதான் ஞாபகம் வந்தது.

"ஏம்மா, நின்ன தண்ணியில எடுக்கக் கூடாதுன்னு தெரியாதா? ஓரமா ஓடுதுல்ல, அதுல எடு."

விதி அதுதான். ஓடும் தண்ணீரில், பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டுப் பிடிக்க வேண்டும். ஆனால் ஓட ஆரம்பித்தால் இது மொத்தமும் கொள்ளிடத்துக்குப் போய்விடும். அவள் குனிந்து ஆற்றிடம் சொன்னாள்.

"மூணு அலசலுக்கும் ஒரு பாட்டிலுக்கும் மட்டும் ஓடு. எங்க அக்கா குடிக்கிற தண்ணி."

கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை. பிறகு பாட்டில் வாயளவு அகலத்தில் ஒரு கறுப்பு ஓட்டம் கிளம்பி வந்தது. மூன்று முறை அலசினாள். நான்காவது முறை நிரம்பியதும் ஓட்டம் நின்றது. வேணுகோபாலும் அது ஓடியதைப் பார்த்துவிட்டார். மறுக்க விதி இல்லாததால் கையெழுத்துப் போட்டார்.

இந்த முறை அறிக்கை கெட்ட தண்ணீரென்று வந்தது. கிணற்றை மூடினார்கள், அக்கா வீட்டுக்குக் குழாய் வந்தது, ஒரு வருஷத்தில் புண் காய்ந்தது. ஆலை இன்னும் வாய்க்காலை அடைக்கிறது. ஆறும் மாதத்துக்கு ஒரு நாள் நிற்கிறது. வயலுக்கு மோட்டார் போடுகிறவர்கள் அதற்குத் தகுந்தபடி நேரத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆபீஸ் படிவத்தில் 'ஓடியது', 'நின்றது' என்று புதிதாக இரண்டு கட்டம் சேர்த்திருக்கிறார்கள். ஹேமலதா இரண்டையும் அடித்துவிட்டுக் 'காத்திருந்தது' என்று எழுதுகிறாள். இதுவரை யாரும் திருத்தவில்லை.