சோபாவில் ஏறிய கடல்

யாகோமினாவின் முன்னறைச் சோபாவில் கடல் ஏறத் தொடங்கியது, ஜனவரி முதல் வியாழக்கிழமை, காலைக் காபி முடிந்த பிறகு. பச்சை வெல்வெட்டின் அடியில், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஓர் ஈரக்கோடு. அந்த வாரம் உருளைக்கிழங்கு விலை சற்று இறங்கியிருந்தது. ஔடவேர் கிராமத்தில் வேறு விசேஷம் இல்லை. யாகோமினா கறைக்குப் பயப்படுகிறவள் அல்ல. வெதுவெதுப்பான நீரில் வினிகர் கலந்து, வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, தேய்க்காமல், ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தாள். உருளைக்கிழங்கு மாவைத் தூவி, அது ஈரத்தைக் குடித்ததும் பிரஷால் தட்டினாள். மாவோடு ஒரு சின்னச் சிப்பியும் விழுந்தது. மறுநாள் கோடு ஐந்து விரல் உயரத்தில் இருந்தது.

கடலைத் தடுத்து நின்ற அணைக்கரைக்கு வெளியே கடல் ஏறும்போது கோடு நனைந்தது, இறங்கும்போது வெள்ளையாகக் காய்ந்தது. அணைக்கரைக் காவலில் இருந்த அவள் கணவன் கிரைன், விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"உப்பு. அந்தப் பக்கத்துத் தண்ணி இது. ஊர்ல சொல்லிடணும்."

"என் சோபாவுல கறைன்னு ஊருக்குத் தண்டோரா போடப் போறியா? உன் பிறந்தநாளுக்குத் தெருவே வந்து உக்காரப் போகுது."

ஔடவேரில் பகலில் யாரும் திரைச்சீலையை மூடுவதில்லை. சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான் மூடுவார்கள். அதனால் அவள் துணியும் கையுமாகக் குனிந்திருப்பதைத் தெருவில் போகிறவர்களெல்லாம் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு லோனா ஜன்னலருகே நின்றே கேட்டாள்.

"என்ன யாகோமினா, சோபாவுக்குத் தினமும் குளியலா?"

"காபி கொட்டிடுச்சு."

"ரெண்டு வாரமாவா? ஓட்டை கப்புலயா, கிரைன் வாயிலயா?"

கிரைனின் பிறந்தநாளன்று காலை யாகோமினா அந்த ஈரக்கோட்டைச் சுவடில்லாமல் எடுத்துவிட்டாள். தெருவே வட்டமாக உட்கார்ந்தது. லோனா வழக்கம்போல் சோபாவின் இடது கோடியில். ஆளுக்கொரு கோப்பை காபி, ஒரு பிஸ்கட். ஊர் வழக்கப்படி உடனே டப்பா மூடப்பட்டது. கிரைன் பேச வாயெடுத்தபோது யாகோமினா அவன் காலை மிதித்தாள். அவன் காபியைக் குடித்தான்.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை, கோடு சோபாவின் முதுகைத் தாண்டிச் சுவரில் ஏறி, கடிகாரத்துக்கு மேலே போயிருந்தது. யாகோமினா நாற்காலி போட்டு ஏறினாள். தன் தலைக்கு மேலே இருந்த கறையை அவள் அதுவரை துடைத்ததில்லை. துணி பிடித்த கை அந்தரத்தில் நின்றது. பிறகு கீழே இறங்கி, பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

அரை மணி நேரத்தில் தெரு கறுப்பு உடுத்தி வந்தது. தொப்பியைக் கையில் பிடித்தபடி கேட்டார்கள்:

"யாரு போயிட்டாங்க?"

"இன்னும் யாரும் போகல. எல்லாரும் பரணுக்கு ஏறுங்க."

திரை மூடிய வீட்டில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை, ஏறினார்கள். லோனா மட்டும் வரவில்லை. கிரைன் போய்க் கதவைத் தட்டினான்.

"சாவாவது ஒண்ணாவது! கறைய மறைக்கத் திரை போட்டிருக்கா உன் பொண்டாட்டி. காபிக் கறைக்கெல்லாம் நான் கறுப்பு உடுத்த மாட்டேன்."

"காபி இல்ல லோனா, கடலு."

"அன்னைக்கு அவ காபின்னுதானே சொன்னா?" என்று கதவைச் சாத்தினாள்.

மூன்று மணிக்கு அணைக்கரை உடைந்தது. தண்ணீர் வீட்டுக்குள் ஏறி, சுவரிலிருந்த கோட்டில் வந்து நின்றது. ஒரு விரல் கூடவில்லை, குறையவில்லை. பரணில் பத்தொன்பது பேர் பிழைத்தார்கள். லோனாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள்.

சோபா கோடைக்குள் காய்ந்தது. வெல்வெட் பழைய பச்சைக்கே திரும்பியது, இடது கோடியில் ஓர் ஆள் உட்காரும் அகலத்தைத் தவிர. அந்த இடம் கடல் ஏறும்போதெல்லாம் இன்றும் நனைகிறது. வினிகரும் மாவும் அலமாரியில் இருக்கின்றன. யாகோமினா துணியை எடுப்பதில்லை. கேட்கிறவர்களிடம் "லோனா" என்று மட்டும் சொல்கிறாள். ஒவ்வொரு ஜனவரியிலும் கிரைனின் பிறந்தநாளுக்குத் தெரு வட்டமாக உட்காருகிறது. அந்த இடத்தை விட்டுவிட்டு. அதன் கைப்பிடிமேலும் ஒரு கோப்பை, ஒரு பிஸ்கட். கடல் இறங்கும்போது இரண்டும் காலியாக இருக்கும். யாகோமினா எழுந்து டப்பாவை மறுபடி திறப்பாள். ஔடவேரில் இரண்டாவது பிஸ்கட் கிடைப்பது அந்த ஓர் இடத்துக்கு மட்டும்தான்.