முன் சீட்டில் கல்யாணப் பெண்

ஆடிட்டரின் காரைக் கம்பெனி திரும்ப அழைத்திருக்கிறது என்ற செய்தி கல்யாண வீட்டு ஹாலுக்குள் நுழைந்தபோது, கண்ணாடிக்கடைக்காரரின் வாயில் காபி இருந்தது. விழுங்குவதா, சிரிப்பதா என்று அவர் முடிவு செய்வதற்குள் பாதி காபி சட்டைக்குப் போய்விட்டது.

இருவரும் சகலைகள். ஆடிட்டர், அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. மூக்குக் கண்ணாடிக் கடை நடத்துபவர் இரண்டாவது மாப்பிள்ளை. மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரே ஷோரூமில், ஒரே நாளில், ஒரே மாடலில், ஒரே வெள்ளை நிறத்தில் ஆளுக்கொரு கார் வாங்கினார்கள். அன்றிலிருந்து, இரண்டும் ஒரே வண்டிதானே என்று யாராவது சொன்னால் இருவருக்குமே கோபம் வரும்.

"என் வண்டி பிக்கப்பே தனி சகலை. தொட்டா பறக்கும்" என்பார் ஆடிட்டர்.

"என் வண்டி ஏசியில உட்கார்ந்தா ஸ்வெட்டர் தேடணும் சகலை" என்பார் இவர்.

மறுநாள் காலை மூன்றாவது மகளுக்கு ரெஜிஸ்டர் கல்யாணம். பதிவு அலுவலகம் ஊரின் மறுகோடியில் இருந்தது. கல்யாணப் பெண்ணுக்குக் காரின் பின் சீட் ஆகாது. இரண்டு திருப்பம் தாண்டினால் குமட்டும். ஆகவே அவள் முன் சீட்டில்தான் உட்கார வேண்டும். பக்கத்தில் ஓட்டப்போவது யார்? ஆடிட்டர்தான். யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஆடிட்டரை யாரும் எதுவும் கேட்பதில்லை, அவர்தான் எல்லோருக்கும் அறிவிப்பார்.

கண்ணாடிக்கடைக்காரருக்கு அது தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. பார்மசி படித்த காலம் முழுக்க அவள் அவர் வீட்டில்தான் தங்கியிருந்தாள். தினமும் காலையில் அவர்தான் கல்லூரி வாசலில் இறக்கிவிடுவார். வழியெல்லாம் அவள் மருந்துப் பெயர்களை ஒப்பித்ததில் பாதி அவருக்கும் மனப்பாடம். கடைசியாக ஒரே ஒரு தடவை அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"போய்க் கேளுங்களேன்" என்றாள் மனைவி.

"சகலைகிட்டயா? வரி கட்ட வரிசையில நிக்கிறதே மேல்."

இந்த நிலையில்தான் ஆடிட்டரின் போனுக்கு அந்தச் செய்தி வந்தது. கல்யாணப் பெண் வாங்கிப் படித்தாள்.

"முன் சீட் ஏர்பேக்ல கோளாறாம் பெரிய அத்தான். அது விரியும்போது உள்ள இருக்கிற உலோக டப்பா வெடிச்சுத் துண்டு தெறிக்கலாமாம். மாத்துற வரைக்கும் டிரைவர் பக்கத்து சீட்ல யாரையும் உட்கார வைக்காதீங்கன்னு போட்டிருக்கு. வண்டியோட சேஸி நம்பரும் போட்டிருக்கு. கடைசி மூணு எண் நாலு ஒண்ணு ஏழு."

"என் வண்டியிலயா? வாரா வாரம் நானே துடைக்கிற வண்டி!"

"துடைக்கிறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எங்க மருந்துக் கடையில ஒரு மாத்திரையோட ஒரு பேட்ச் மட்டும் சரியில்லைன்னா, அந்த பேட்ச் நம்பரை மட்டும் திருப்பி எடுத்துப்பாங்க. மத்த அட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கும். இதுவும் அப்படித்தான். ஒரே மாடல்லயும் சில வண்டிக்கு இருக்கும், சில வண்டிக்கு இருக்காது. காசு வாங்காம மாத்திக் குடுத்துடுவாங்க. இதுல என்ன அவமானம்?"

"அவமானம் இல்லையா? சகலை சிரிக்கிறார் பாரு!"

"நான் எங்க சிரிச்சேன்? புரை ஏறிடுச்சு சகலை."

எல்லோருடைய பார்வையும் இப்போது கண்ணாடிக்கடைக்காரர் பக்கம் திரும்பியது. அவருடைய ஆர்.சி. புத்தகத்தின் படம் போனில் இருந்தது. அதிலிருந்த நீளமான சேஸி நம்பரை அவரே கம்பெனியின் இணையதளத்தில் தட்டினார். நாலு ஆறு ரெண்டு என்று முடிந்தது. ஒரு விநாடி சுற்றிவிட்டுப் பச்சை டிக் வந்தது. 'இந்த வாகனத்துக்குத் திரும்ப அழைப்பு ஏதும் இல்லை.'

மாமியார் தீர்ப்பு சொன்னார். "அப்ப பொண்ணு நம்ம கண்ணாடி மாப்பிள்ளை வண்டியிலதான் போகுது."

கண்ணாடிக்கடைக்காரர் தரையில் நடக்கவில்லை. காரைக் கழுவினார். கழுவியதை மறுபடி கழுவினார். முன் சீட்டில் சின்னத் தலையணை வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா வெளியே வந்ததற்கு அவரையும் கட்டிப்பிடித்தார்.

அப்போதுதான் ஒரு விஷமம் தோன்றியது. இரண்டு கார்களும் வாசலில் அடுத்தடுத்து நின்றன. ஆடிட்டர் காரின் முன் கண்ணாடி மூலையில் சேஸி நம்பர் சின்னதாகத் தெரியும். அதை ஒரு போட்டோ எடுத்து, 'விரைவில் குணமடைய வாழ்த்துகிறோம்' என்று குடும்ப குரூப்பில் போட்டால் எப்படி இருக்கும்? போனை நீட்டிக்கொண்டு குனிந்தார்.

பொடி எழுத்தோடு குடும்பம் நடத்துகிற கண் அவருடையது. நம்பர் நாலு ஆறு ரெண்டு என்று முடிந்தது.

அது அவருடைய ஆர்.சி. புத்தகத்தின் நம்பர் அல்லவா?

தன் காருக்கு ஓடினார். மூலையைப் பார்த்தார். நாலு ஒண்ணு ஏழு. நம்பிக்கை இல்லாமல் அந்த நம்பரை இணையதளத்தில் தட்டினார். திரை சிவந்தது. 'திரும்ப அழைக்கப்பட்ட வாகனம். முன் பயணி இருக்கை ஏர்பேக்.'

கதை விளங்கிவிட்டது. ஷோரூமில் நம்பர் பலகை மாட்டியவர் இந்த வண்டியின் பலகையை அதிலும், அந்த வண்டியின் பலகையை இதிலும் மாட்டித் தொலைத்திருக்கிறார். மூன்று வருடமாக அவர் ஓட்டியது சகலையின் காரை. சகலை துடைத்தது இவருடைய காரை. சர்வீஸுக்குப் போனாலும் எல்லோரும் பலகையைத்தான் பார்த்தார்களே தவிர, ஒருவரும் மூலையைப் பார்க்கவில்லை.

யாருக்கும் தெரியாது. அவர் சொன்னால்தான் தெரியும்.

மனம் வக்கீலாகி வாதாட ஆரம்பித்தது. 'மோதினால்தானே ஏர்பேக் விரியும்? விரிந்தால்தானே வெடிக்கும்? நான் என்றைக்கு மோதினேன்? காலையில் ஒரே ஒரு பயணம். கல்யாணம் முடிந்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் சாவி மறுபடி சகலை கையில்.' வாதம் பலமாகத்தான் இருந்தது. அவருக்கே தலை ஆடியது.

"சின்ன அத்தான்!" பின்னால் கல்யாணப் பெண்ணின் குரல். "கால் நீட்ட இடம் இருக்கான்னு பார்க்கணும். புடவை கசங்கக் கூடாது இல்ல?"

அவள் முன் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"உட்காராதே!"

அந்தக் கத்தலில் வீடே வாசலுக்கு வந்துவிட்டது. கார் நின்றுகொண்டிருந்தது. சாவி அவர் பையில் இருந்தது. அந்த நேரத்தில் அந்தச் சீட்டால் ஈ எறும்புக்குக்கூட ஆபத்து இல்லை. ஆனாலும் அவர் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்திருந்தார். வக்கீலைக் காணோம்.

"பாம்பு ஏதாவது இருக்கா மாப்பிள்ளை?" என்றார் மாமியார்.

"நாலு ஒண்ணு ஏழு இருக்கு அத்தை" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினார்.

ஆடிட்டர் இரண்டு கார்களின் மூலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"அப்ப மூணு வருஷமா நான் துடைச்சது?"

"என் வண்டியை சகலை. ரொம்ப நன்றி."

"நீங்க பெருமையடிச்ச ஏசி?"

"உங்களோடது."

"என் பிக்கப்?"

"என்னோடது. தொட்டா பறக்கும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

"போன மாசம் உங்க வண்டியோட பின் பம்பரை யாரோ இடிச்சதா சொன்னீங்களே?"

கண்ணாடிக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். "அது உங்க வண்டி சகலை. இடிச்சது நான்தான். எங்க வீட்டு கேட்ல."

முதலில் சிரித்தது அவர் மனைவி. அதன்பின் யார் யாரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. மாமியார் படியில் உட்கார்ந்தே விட்டார். சிரிக்காமல் நின்றவர் ஆடிட்டர் மட்டும்தான்.

"சிரிச்சது போதும். நாளைக்கு நல்ல வண்டி நான் கொண்டுவந்த இந்த வண்டிதான். அதனால பொண்ணை நான் கூட்டிட்டுப் போறேன்."

கண்ணாடிக்கடைக்காரர் தலையாட்டினார். எதிர்பார்த்ததுதான். தலையணையை எடுக்கக் குனிந்தார்.

கல்யாணப் பெண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் கல்லூரி வாசலில் அவள் பரீட்சைக்கு இறங்கும்போதெல்லாம் பார்த்த முகம்.

"பெரிய அத்தான், ஒரு சந்தேகம். ஒரு பொருள் யாரோடதுன்னு எதை வெச்சு முடிவு பண்ணுவீங்க?"

"இதென்ன கேள்வி? பேப்பரை வெச்சுத்தான்! கையில யாரு வெச்சிருக்காங்கங்கிறது கணக்கே இல்ல. பேப்பர்ல என்ன இருக்கோ..."

வாக்கியம் பாதியில் நின்றது. ஆடிட்டரின் முகத்தில் ஒரு முழு வருடத்துக் கணக்கு தப்பாகிப்போன களை வந்தது.

"பேப்பர்படி இந்த நல்ல வண்டி சின்ன அத்தானோடது" என்றாள் அவள். "அவரே ஓட்டட்டும்."

தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே! ஆடிட்டர் வளையத்திலிருந்து சாவியைப் பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றினார். "ஆனா நானும் வருவேன். பின் சீட்ல. ரெண்டு ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸ் பேப்பரும் என் மடியில இருக்கும். வழியில போலீஸ் நிறுத்தினா உங்களுக்கு விளக்கத் தெரியாது. கல்யாணம் முடிஞ்சதும் முதல் வேலை, அந்த வண்டியை சர்வீஸ் சென்டர்ல விடறது. அடுத்த வேலை பலகை. ரெண்டு பேரும் சேர்ந்துதான் போறோம்."

"சரி சகலை."

"துடைக்கிறது?"

"நீங்களே துடைங்க சகலை. கை பழகிடுச்சு."

காலையில் கார் கிளம்பியது. முன் சீட்டில் கல்யாணப் பெண், பின் சீட்டில் ஃபைலோடு ஆடிட்டர். மற்றவர்கள் வாடகை வண்டிகளில் முன்னாலேயே பறந்துவிட்டார்கள்.

"சகலை, பள்ளம்! பார்த்து, அது என் வண்டி! சரி, உங்க வண்டி! யார் வண்டியா இருந்தா என்ன, பள்ளம் பள்ளம்தானே!"

கண்ணாடிக்கடைக்காரர் காதில் எதுவும் விழவில்லை. ஸ்டியரிங்கைப் பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தார்.

"சின்ன அத்தான்" என்றாள் அவள் மெதுவாக, "நேத்து நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் இல்ல?"

"யோசிச்சேன்மா" என்றார் அவர். "பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் நல்லாவே யோசிச்சேன். நீ உள்ள காலை வெச்ச, வாய் தானாக் கத்திடுச்சு."

அவள் புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டு சிரித்தாள்.

அவர்களை ஒரு சைக்கிள்காரர் மணியடித்து முந்திக்கொண்டு போனார்.

"சகலை" என்றார் ஆடிட்டர் பின்னாலிருந்து கெஞ்சலாக, "இந்த வண்டிக்கு நாலாவது கியர்னு ஒண்ணு இருக்கு. எனக்கு நல்லாத் தெரியும். போடுங்களேன். பதிவு அலுவலகத்தை மத்தியானம் மூடிடுவாங்க!"